மொட்டைப் பனையின் பதநீர்

சாரூன் வெட்டுக்கத்தியை ஓங்கி இறக்கினான். பனையோடு மூங்கிலேணியைப் பிணைத்திருந்த அடிக்கட்டு அறுந்து தெறித்தது.

உச்சியில் இருந்த மாவ் அலறினான். "மாமா! நான் மேல இருக்கேன்!"

"தெரிஞ்சுதான்டா வெட்டுறேன்!"

மாவ் சாரூனின் மனைவியின் தம்பி. சாரூனுக்கு முழங்கால் போனதிலிருந்து மரம் ஏறுவது மாவ். கீழே காய்ச்சுவது சாரூன். இந்தப் பருவத்தில் எவ்வளவு கிண்டினாலும் கருப்பட்டி திரளவில்லை. கம்போடியாவின் கம்போங் ஸ்பூ சந்தையில் அவன் சரக்கை நாய்கூட மோந்து பார்க்கவில்லை. நல்ல பதநீரை மாவ் மரத்திலேயே குடித்துவிட்டு, பதநீர் பிடிக்கும் மூங்கில் குழாயில் தண்ணீர் ஊற்றுகிறான் என்று சாரூன் முடிவுகட்டிவிட்டான்.

"ஒத்துக்கடா திருட்டுப் பயலே!"

"தண்ணியச் சுமந்துக்கிட்டு பனை ஏற எனக்கென்ன பைத்தியமா? கொட்டகைக்குக் கூரை போடணும்னு ஓலையெல்லாம் வெட்டச் சொன்னது நீங்கதானே!"

"ஓலைக்கும் இனிப்புக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஓலைதான் மாமா அடுப்பு! காத்துல இருக்கற கரியமில வாயுவ இழுத்து, வேர்த்தண்ணியோட சேத்து, வெயில்ல சக்கரையா ஆக்குறது அதுதான். மரத்துக்கு ஒத்தக் குருத்த மட்டும் விட்டு வெச்சா எதுல சமைக்கும்?"

"பள்ளிக்கூடத்துக் கதைய எங்கிட்ட அளக்காதே!"

கத்தி இப்போது மூங்கிலிலேயே பாய்ந்தது. மாவ் பாளையை வெட்டி வீசினான். அது சாரூனின் நெற்றியைப் பிளந்தது.

"நக்கிப் பாருங்க! பூவுக்குள்ளயுமா தண்ணி ஊத்துவேன்?"

கண்ணை ரத்தம் மறைக்க, வெறியில் இன்னும் இரண்டு வெட்டு. மூங்கில் முறிந்தது. பிறகுதான் பாளையை எடுத்து, வெட்டுவாயில் கசிந்த சாற்றை நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது; அது அவன் ரத்தம். இனிப்பு துளியும் இல்லை.

மேலே கட்டுகள் பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

"மட்டையப் புடிடா! புடிச்சுக்கோ!"

"எந்த மட்டைய மாமா?"

மாவின் கைகள் மொட்டை உச்சியைத் துழாவின. அகப்பட்ட ஒற்றைக் குருத்து பிய்ந்து கையோடு வந்தது. சாரூன் நொண்டிக்கொண்டே கைகளை விரித்து ஓடினான். மாவ் அவன் தோளை நொறுக்கிக்கொண்டு தரையில் மோதினான். கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

வெயில் சுட்டது. அந்தப் பனைகளில் ஒன்றுக்கும் நிழல் இல்லை. சாரூன் ஒற்றைக் கையால் மாவைக் கொட்டகைக்கு இழுத்துச் சென்றான். அங்கே கூரை முழுக்க ஓலை, காய்ந்து கிடந்தது.