நான் சிரித்த வீடியோ

என் பெயரைச் சைகையில் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு விரலைப் புருவங்களுக்கு நடுவில் வைத்து ஒரு கோடு இழுக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்கு அங்கே ஒரு மடிப்பு விழும். பத்து வயதிலேயே விழுந்துவிட்டது. காது கேளாதோர் சங்கத்தில் வாயால் கூப்பிடுகிற பெயர் எதற்கும் உதவாது; ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். என் அண்ணன் காதில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும், அதனால் அவன் பென்சில். தையல் யூனிட்டில் மேற்பார்வை பார்க்கிற அக்கா சுருட்டை. நான் கோபக்காரி. பொருத்தமான பெயர்தான்.

எனக்குக் காது கேட்கும். அண்ணனுக்குப் பிறவியிலேயே கேட்காது. வாய் திறந்து பேசக் கற்பதற்கு முன்னால் நான் அவனோடு கையால் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு அதுவே என் பிழைப்பாகவும் ஆனது. செய்தித் தொலைக்காட்சியில், திரையின் வலது மூலையில், தபால்தலை அளவு கட்டத்துக்குள் கருநீலச் சட்டை போட்ட ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டிருப்பாளே, நீங்கள் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்களே, அவள்தான் நான். ஒன்பது வருடமாக அதே கருநீலம். கோடு, பூ, மினுக்கு எதுவும் கூடாது. பார்க்கிறவர் கண் கையில் நிற்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. வாசிப்பவர் சொன்னதற்கு மேல் ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. செய்தி எத்தனை அபத்தமாக இருந்தாலும் சரி, நான் ஒரு விரலைக்கூட அதிகப்படியாக அசைத்ததில்லை.

அண்ணன் சங்கத்தின் செயலாளர். நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள், எல்லோரும் இதே ஊர், இதே தொகுதி. ஓட்டுச் சாவடியில் அவர்கள் படுகிற பாடு சொல்லி மாளாது. பெயரைக் கூப்பிட்டால் கேட்காது, வரிசையை மாற்றினால் தெரியாது, ஒருத்தன் முகத்துக்கு நேரே "செவிடா?" என்று கேட்டால் மட்டும் நன்றாகப் புரியும். சாவடியில் சைகை தெரிந்த ஒரு ஆளைப் போடுங்கள் என்று ஆறு வருடமாக மனுக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் கூடப் போய் வாயாடியவள் நான். ஒரு மண்ணும் நடக்கவில்லை.

இந்தத் தடவை ஓட்டு சும்மா ஓட்டு இல்லை. ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கு இருப்பது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அதை மூடிவிட்டு அந்த இடத்தில் வாகன நிறுத்தம் கட்டுவேன் என்று ஒரு வேட்பாளர். மூட விடமாட்டேன் என்று இன்னொருவர். சங்கத்தில் யாருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பதெல்லாம் அன்றோடு போனது. நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டும் ஒரே பக்கம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

தேர்தல் நாளன்று காலை ஆறு மணிக்கே ஸ்டூடியோவில் இருந்தேன். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். மதியம் ஒன்றரைக்கு வெளியே வந்து போனை எடுத்தால், சங்கத்துக் குழுவில் எழுபத்தொரு செய்திகள். எல்லாம் எனக்கு நன்றி. இரண்டு கையையும் தூக்கி விரல்களைச் சுழற்றுகிற படங்கள், எங்கள் கைதட்டல் அதுதான். 'கோபக்காரி சாதிச்சுட்டா!' என்று சுருட்டை எழுதியிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே தள்ளிப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு அண்ணன் தனக்கு வந்ததை அப்படியே அனுப்பிய வீடியோ.

அதில் நான் இருந்தேன். அதே கட்டம், அதே கருநீலச் சட்டை, என்னுடைய கைகள். காது கேளாதோருக்கென்று வரும் ஞாயிற்றுக்கிழமை தனி வாக்குப்பதிவு, ஒவ்வொரு சாவடியிலும் சைகை தெரிந்தவர் இருப்பார், இன்று கூட்டத்தில் போய் அல்லாட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தேன்.

கடவுளே! ஒன்பது வருடம் நான் ஆட்டிய கையை எல்லாம் அள்ளிக் கொண்டுபோய் எவனோ ஒருத்தன் எனக்கே ஒரு பொம்மை செய்திருந்தான். அந்தப் பொம்மைக்கு எங்கள் மனுவும் தெரிந்திருந்தது, நாங்கள் ஆறு வருடமாக எதற்கு ஏங்கினோம் என்பதும் தெரிந்திருந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிடும். நாலரை மணி நேரம்தான் இருந்தது.

அங்கேயே நின்று ஒரு வீடியோ எடுத்தேன். 'அது நான் இல்லை, பொய், இன்றைக்கே போய் ஓட்டுப் போடுங்கள்' என்று கைவலிக்கச் சொல்லி அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது. 'இதுதான் பொய். முதலில் வந்ததே சரி.' அடுத்தது: 'நமக்குத் தனி நாள் கொடுத்தது எவனுக்கோ பொறுக்கல.' அதற்கும் அடுத்தது சுருட்டை: 'தேர்தல் அன்னைக்குப் போலி வீடியோ வரும், நம்பாதீங்கன்னு போன வாரம் செய்தியில சொன்னாங்க. சொன்னதே கோபக்காரிதான்.'

உண்மைதான், சொன்னவள் நான்தான். சுருட்டைக்கு வீடியோ அழைப்பு போட்டேன். எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், துண்டித்துவிட்டாள். அழைப்பிலும் முகத்தை மாற்றுவார்கள் என்று சொன்னதும் நான்தானே! தலையில் அடித்துக்கொண்டு அண்ணனின் அச்சகத்துக்கு ஓடினேன்.

அச்சகத்தில் அண்ணன் காகிதம் வெட்டுகிற இயந்திரத்தில் இருந்தான். ஓட்டுப் போட்டு வர மதியம் எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான், நீங்கள் போய் வாருங்கள், உங்கள் வேலையையும் சேர்த்து நான் பார்க்கிறேன் என்று எல்லோரையும் அனுப்பிவைத்திருக்கிறான் அந்த மகராசன். ஆள் இல்லாத கூடத்தில் தனியாக நின்று அடுத்தவன் கட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தான். நான் சுவரிலிருந்த விளக்கு சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணைத்தேன். திரும்பினான். என்னைப் பார்த்ததும் முகம் மலர, இரண்டு கையையும் தூக்கி விரல்களைச் சுழற்றினான்.

நான் சொன்னேன். அவனுடைய கைகள் மெல்ல இறங்கின. நாங்கள் பேசியது முழுக்கக் கையால்தான்; படிக்கிற வசதிக்கு வாய்ப்பேச்சாக எழுதுகிறேன்.

"பொய்யா? எப்படிப் பொய்யாகும்? நீதானே சொன்னே. நான் கண்ணால பார்த்தேனே."

"நான் இல்லைண்ணா. என் மூஞ்சியை எவனோ செஞ்சிருக்கான்."

"உன் கை அது. எனக்குத் தெரியாதா உன் கை?"

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? இருபது வயசுப் பையனா நீ? செயலாளர்தானே! மூளையை எங்க அடகு வச்சே?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவன் இயந்திரத்தை நிறுத்தினான். பிறகு சொன்னான், சின்னச் சின்னச் சைகையாக, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல.

"நீ சிரிச்சே. டிவியில நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. ஆறு வருஷம் அலைஞ்சது கிடைச்சிருச்சு, இன்னைக்காவது சிரிக்கிறாளேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேற எதையும் நான் யோசிக்கல."

எனக்கு அதற்குமேல் அவனைத் திட்ட வாய் வரவில்லை, கையும் வரவில்லை. அந்த ஒரு சிரிப்பைப் பார்த்துத்தான் அது நான் இல்லை என்று அவன் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதே சிரிப்பைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறான். அதைச் செய்தவன் எதிரே வந்திருந்தால் அந்த வெட்டு இயந்திரத்துக்குள் அவன் கையைக் கொடுத்திருப்பேன். பாவம் புண்ணியம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணனும் ஒரு வீடியோ எடுத்துக் குழுவில் போட்டான். 'ஐயோ, பென்சிலையும் செஞ்சுட்டாங்க' என்று பதில் வந்தது. இனி நேரில் போனால்தான் உண்டு.

என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் தையல் யூனிட்டுக்குப் போனோம். சங்கத்து ஆட்கள் இருபத்து மூன்று பேர் அங்கே வேலை செய்கிறார்கள். சுருட்டை தையல் மேசையை விட்டு எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். கன்னத்தைக் கிள்ளினாள். புருவ மடிப்பை விரலால் தேய்த்துப் பார்த்தாள், போகிறதா என்று.

"அக்கா, வலிக்குது. நான்தான்."

"அப்ப அந்தச் சிரிச்சவ யாரு?"

"அந்த நாசமாப் போனவ யாருன்னு எனக்கும் தெரியல. நீங்க முதல்ல கிளம்புங்க!"

அதன்பிறகு நடந்தது ஓட்டம். இருபத்து மூன்று பேரும் நாலாபக்கமும் பிரிந்து, தெரிந்த வீடுகளுக்கும் வேலை இடங்களுக்கும் ஓடினார்கள். போன் இருந்தும் கதவைத் தட்டி ஆளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகத் துணியை வீசி, டார்ச் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கி, ஆறு மணிக்குள் சாவடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது, ஓடியவர்களையும் அண்ணனையும் சேர்த்து, ஐம்பத்தெட்டு பேரை. ஆறு ஐந்துக்கு ஒரு வயதான புருஷன் பெண்டாட்டி மூச்சு வாங்க வந்தார்கள். கதவு சாத்தியாகிவிட்டது. நான் காவலரிடம் கத்தினேன்.

"நான் என்னம்மா பண்றது? மணி ஆறுன்னா ஆறுதான். அவங்களுக்குக் காது கேட்காது சரி, கடிகாரம் பார்க்கத் தெரியாதா?"

அந்த வார்த்தை அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். 'என்ன சொன்னார்?' என்று கேட்டார்கள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது ஸ்டூடியோ விதிதானே? 'மன்னிக்கச் சொன்னார்' என்றேன்.

மறுநாள் தேர்தல் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிதானமாகப் படித்தார்.

"மொத்தம் நானூத்திப் பன்னிரண்டு பேர்தானா?"

"தானான்னா? எவ்வளவு பேர் ஏமாந்தா நீங்க எந்திரிப்பீங்க சார்? சொல்லுங்க, ஆள் கூட்டிட்டு வரேன்."

"கோபப்படாதீங்கம்மா. வீடியோவைப் பார்த்து நம்புனது அவங்க. நாங்க யாரையும் தடுக்கல."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. பள்ளிக்கூடத்தை மூடுவேன் என்றவர் இருநூற்றுத் தொண்ணூறு ஓட்டில் ஜெயித்தார். அன்று மாலைச் செய்தியில் நான்தான் கட்டத்துக்குள் நின்றேன். வாசிப்பவர் தேர்தல் அலுவலகத்தின் அறிக்கையைப் படித்தார்: "போலி வீடியோ காரணமாக மிகச் சிலர் வாக்களிக்கவில்லை. முடிவில் இதனால் எந்தத் தாக்கமும் இல்லை."

மிகச் சிலர் என்று சைகை செய்தேன். தாக்கம் இல்லை என்றும் செய்தேன். என் கை அங்கே நிற்கவில்லை. வராதவர்கள் முந்நூற்று ஐம்பத்து நாலு, வித்தியாசம் இருநூற்றுத் தொண்ணூறு, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கூட்டிச் சொன்னேன். வாசிப்பவருக்குத் தெரியவில்லை, கேமராக்காரருக்குத் தெரியவில்லை, செய்தி ஆசிரியர் "நல்லா இருந்துச்சு மேடம்" என்றார். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று மனசு கொஞ்சம் ஆறியது.

அலமாரியைத் திறந்து போனை எடுத்தேன். குழுவில் ஒரே கூச்சல். 'பார்த்தீங்களா, டிவியிலேயே அவளை மாத்திட்டாங்க.' 'நம்ம கோபக்காரி ஒரு விரல் கூட்டிச் சொல்ல மாட்டா. இது அவ இல்ல.' ஒருத்தர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டதாகவும் இனிமேல் போடப்போவதில்லை என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நாற்பது பேர் 'நானும்' என்று எழுதியிருந்தார்கள்.

நான் உண்மையைச் சொன்ன ஒரே நாளில் நான் பொய்யாகிப் போனேன்.

வெளிவாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அச்சகத்திலிருந்து நேராக வந்திருக்கிறான், காதில் பென்சில் அப்படியே இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தான். வெளிச்சத்துக்கு இழுத்து என் முகத்தைப் பார்த்தான். கூடப் பிறந்தவன், என்னோடு கையால் சண்டை போட்டு வளர்ந்தவன், என்னைப் பார்த்துக் கேட்டான்.

"உள்ளே நின்னது நீதானா?"

"நான்தான்."

"அந்தக் கணக்கைச் சொன்னதும் நீதானா?"

"நான்தான்ணா. சத்தியமா நான்தான்."

போனை எடுத்தான். குழுவைத் திறந்து, 'அது அவதான், நான் நேரில் பார்த்தேன்' என்று தட்டினான். அனுப்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

"அன்னைக்கு அந்த வீடியோவை அனுப்புனதும் நான்தானே. நான் சொன்னா யார் நம்புவாங்க?"

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். என் தோளைத் தட்டினான். திரும்பிப் பார்த்தேன்.

"வண்டியை எடு. முதல்ல சுருட்டை வீடு."