ஸ்லைடில் நல்ல இடம்

மருத்துவப் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டவன் நான். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சதைத் துணுக்குகளுக்குச் சாயம் போடும் வேலை கிடைத்தது. துணுக்கை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவிலும் இளஞ்சிவப்பிலும் முக்கி எடுக்க வேண்டும். ஸ்லைடில் பெயர் இருக்காது, எண்தான். கண்ணுக்குப் பிடித்ததை மைக்ராஸ்கோப்பில் போனை வைத்துப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புவேன். அவள் அதை ஆளுயரக் கான்வாஸில் வரைவாள். உருவம் என்று எதுவும் இருக்காது. வட்டங்கள், ஓடைகள், நடுவே ஊதாப் புள்ளிகள்.

அடுத்தவன் குடலைச் சுவரில் மாட்டிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டால் சோறு எப்படி இறங்கும் என்பார் அத்தான். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்.

போன மாதம் அக்காவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு எங்களிடமே வந்தது. தன்னுடையதையும் படமெடுத்து வரச் சொல்லியிருந்தாள். பதிவேட்டில் எண்ணைப் பார்த்துக்கொண்டேன். ஸ்லைடில் முக்கால்வாசி புற்று பிடித்திருந்தது. ஓரத்தில் கடுகளவு நல்ல இடம். கை தானாக ஸ்லைடை அங்கே நகர்த்தியது. எப்போதும் அழகான இடத்தைத்தான் எடுப்பேன்.

ரிப்போர்ட் தயாராகி நான்கு நாளாயிற்று. தன் ஓவியக் கண்காட்சி முடியட்டும் என்று அக்கா அதை வாங்கவில்லை. கண்காட்சிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சர்ஜனைப் பார்க்க வேண்டும்.

நூலக மாடியில் கண்காட்சி. எங்கள் ஆய்வகத்தின் பெரிய டாக்டரும் வந்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, இது சிறுகுடல், இது தைராய்டு என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசிப் படத்தில் நின்றார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

"மார்பு. ஒரு குறையும் இல்ல. இந்தம்மா நூறு வயசு இருப்பாங்க."

அக்கா சிரித்தாள். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. டாக்டர் படியிறங்கியதும், "பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல எவன் சொல்லணும்? நாளைக்கு வரலன்னு சொல்லிடுங்க," என்றாள் அத்தானிடம். அவர் உடனே சர்ஜனின் எண்ணைப் போட்டுப் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. மூன்று முறை அடிக்கும்வரை சும்மா நின்றேன்.

"வைங்க அத்தான்," என்றேன். "அக்கா, நான் நல்ல இடமாப் பாத்து எடுத்தேன்."

அவள் படத்தின் நான்கு ஓரங்களையும் பார்த்தாள். பிறகு அதைச் சுற்றியிருந்த வெற்றுச் சுவரை.

"மிச்சத்துக்கு எவ்வளவு பெரிய கான்வாஸ் வேணும்டா?"

"இந்தச் சுவர் பத்தாது."

போனில் யாரோ ஹலோ சொன்னார்கள். அத்தான் இணைப்பைத் துண்டித்தார். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒன்பது மணிக்குத்தானே?"