பின்சக்கரங்களுக்குப் பாரம்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை மறைக்கப்போவதில்லை. போன வருடம் மார்ச்சில் ஒரு முற்பகல், ஏற்கெனவே இறந்துபோன ஒரு மனிதரை மலையிலிருந்து தள்ளி இன்னொரு தடவை கொன்றிருப்போம். நான் சவ வண்டியின் முன்னிருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தேன். வட நோர்வேயின் இந்த நகரத்தில் பதினொரு வருடமாக அதுதான் என் வேலை. பெட்டியைத் தூக்குவது, பூக்களை அடுக்குவது, வண்டியில் வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது. (இந்தக் கடைசி வேலையை நினைவில் வையுங்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். வாசகரை முழங்கையால் இடிப்பது மரியாதையில்லை.)

எட்டுத் தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். முதலாவது: 'வெள்ளைப் போர்வை போர்த்திய மலைகளுக்கு நடுவே—' அங்கேயே நின்றுவிட்டது. அன்று எங்களை மிரட்டியது வெள்ளை இல்லை. இரவு முழுக்கப் பனியின் மேல் மழை பெய்து, விடியும்போது உறைந்திருந்தது. அப்படி உறைந்த பனிக்கட்டி ஈரத் தார் ரோட்டைப் போலவே கறுப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை அழகாக வர்ணிக்க எனக்கு வராது. ஆகவே ஆட்களிலிருந்து தொடங்குகிறேன்.

2

இறந்தவர் ஹில்மார். எண்பத்தெட்டு வயது. கடைசி நான்கு வருடங்கள் நகரத்து முதியோர் இல்லத்தில் இருந்தார். அவரைப் புதைக்க வேண்டியது மலைக்கணவாய்க்கு அப்பால், அவருடைய சொந்த ஊரான லாங்விக்கில், மதியம் இரண்டு மணிக்கு. காற்று எழும்பப்போகிறது, பன்னிரண்டரைக்குக் கணவாயை மூடிவிடுவோம் என்று வானொலியில் அறிவித்திருந்தார்கள்.

மகன்கள் இருவர். மூத்தவர் தோர்கிரிம் நகரத்தில் இருக்கிறார். தகப்பனை இல்லத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இளையவர் யூஸ்டைன் லாங்விக்கில், தகப்பனோடு ஒரே வீட்டில் இருந்தவர். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இருவரும் பேசுவதில்லை. அதற்குப் பிறகு யூஸ்டைன் தன் சின்னக் காரில் ஞாயிறு தவறாமல் கணவாயைக் கடந்து வந்து தகப்பனைப் பார்த்துவிட்டுப் போவார்.

இல்லத்தின் முற்றத்தில் மூன்று வண்டிகள் நின்றன. எங்களுடையது பின்சக்கரங்கள் தள்ளுகிற பழைய நீள வண்டி. தோர்கிரிமுடையது நான்கு சக்கரமும் இழுக்கிற புது வண்டி. யூஸ்டைனுடையது முன்சக்கரம் இழுக்கிற சின்னது.

"இந்தக் கிழட்டு வண்டியிலயோ அப்பாவைக் கொண்டுபோகப் போறாய்? மழை பெஞ்ச ஐஸில பின்சக்கரம் சும்மா சுத்தும்," என்றார் தோர்கிரிம்.*

எங்கள் ஓட்டுநர் குன்வோர் அறுபத்தொரு வயதுப் பெண். இருபது வருடம் மீன் லொறி ஓட்டியவள். "உன்ர வண்டி ஏறும், தெரியும். நிக்குமோ?"

"நாலு சக்கரமும் இழுக்குது, குன்வோர்."

"எல்லா வண்டியையும் நாலு சக்கரம்தான் நிப்பாட்டுது. அதில உனக்கொண்டும் கூடுதலாத் தரேல்ல."

யூஸ்டைன் தமையனைப் பார்க்காமல் குன்வோரிடம் மட்டும் சொன்னார். "கடைசி ஏத்தத்துக்கு முன்னமே வேகம் எடுத்திடு. நடுவில நிண்டா பிறகு எழும்பாது."

* அவர்கள் பேசியது நோர்வே மொழி. இருபத்தாறு வருடம் கேட்டுக் கேட்டு, எழுத உட்கார்ந்தால் என் காதில் அது நான் வீட்டில் பேசுகிற தமிழாகத்தான் விழுகிறது.

3

தோர்கிரிமில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் மூன்று பிரதிகளில் அவரை வாய்வீச்சுக்காரராக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. பிறகு அவர் மனைவி ஓஸ்ஹில்ட் ஒருநாள் கடையில் என்னைக் கண்டபோது சொன்னாள்: எந்தக் காலநிலையிலும் தகப்பனை டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு லாங்விக் கூட்டிப்போய் வரலாம் என்றுதான் அந்த வண்டியை வாங்கினாராம். ஒருமுறைகூடக் கூட்டிப்போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பகுதி நீண்டிருக்கும்.

4

பதினொன்றேகாலுக்குக் கடைசி ஏற்றத்தின் அடியில் இருந்தோம். முன்னே நாங்கள், அடுத்து தோர்கிரிமும் ஓஸ்ஹில்டும், நன்றாக இடைவெளி விட்டுக் கடைசியில் யூஸ்டைன். வலப்பக்கம் உழுவண்டி ஒதுக்கிக் குவித்த பனிச்சுவர். இடப்பக்கம் முழங்கால் உயரக் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் பள்ளத்தாக்கு.

குன்வோர் வேகம் எடுத்தாள். பாதி ஏறியபோது மேலிருந்து ஒரு மீன் லொறி நடு ரோட்டில் இறங்கி வந்தது. லொறிக்காரனாலும் ஒதுங்க முடியாது. குன்வோர் காலை எடுத்தாள், ஓரம் கொடுத்தாள், லொறி எங்கள் கண்ணாடியை உரசுகிற மாதிரிப் போயிற்று. எங்கள் வேகமும் அதோடு போயிற்று. பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுற்றி ஊளையிட்டன. வண்டி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பின்னோக்கி நகர்ந்தது.

"பிடிச்சுக்கொள்," என்றாள், சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கிற குரலில்.

பிரேக்கில் கால் இருந்தும் சக்கரங்கள் பூட்டியபடியே வழுக்கின. அவள் பிரேக்கை விட்டாள். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ஆனால் சக்கரம் உருண்டால்தான் திருப்ப முடியும். ஸ்டியரிங்கை வளைத்து வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே பனிச்சுவருக்குள் செருகினாள். நின்றோம். பின்னால் பெட்டி ஒரு தடவை 'டொக்' என்றது.

தோர்கிரிம் எங்களைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். நான்கு சக்கரமும் இழுக்கிற அந்தப் புது வண்டி நான்கு சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு கீழே வழுக்கியது. அதன் பாதையில் தம்பியின் கார். யூஸ்டைனுக்கு இரண்டு வழிகள் இருந்தன: இடப்பக்கம் தடுப்பு, வலப்பக்கம் சுவர். சின்னக் காரின் மூக்கைச் சுவருக்குள் முழுதாகப் புதைத்து வழி விட்டார். அண்ணனுடைய வண்டி அவருடைய கதவுக்கு ஒரு சாண் தள்ளிப் போய், இன்னும் பத்து மீற்றர் கீழே நின்றது.

5

இங்கே முன்னைய பிரதிகளில் இப்படி இருந்தது: 'சங்கிலி கட்டலாம் என்று பையைத் திறந்தோம். ஒரு சங்கிலி அறுந்துபோயிருந்தது.'

அறுந்துபோகவில்லை. சக்கரங்களில் மாட்டுகிற சங்கிலிகள் இரண்டில் ஒன்றைத்தான் நான் பையில் வைத்திருந்தேன். மற்றதைத் துருத் துடைக்கக் கழற்றி, வண்டி நிறுத்துகிற கராச்சின் சுவர் ஆணியில் தொங்கவிட்டு மறந்துபோனேன். பையைத் திறந்து பார்த்த குன்வோர் என் முகத்தைப் பார்த்தாள். சகோதரர்கள் இருவரும், பின்னால் ஓஸ்ஹில்டும், ரோட்டோரம் பனிச்சுவரைப் பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஒண்டு அறுந்துபோச்சு," என்று அவர்களிடம் சத்தமாகச் சொன்னாள்.

அந்தப் பொய்யை நான் ஒரு வருடம் கதையிலும் காப்பாற்றினேன். இனி வேண்டாம்.

6

"கயிறு இருக்கு. நான் முன்னுக்கு வந்து இழுக்கிறன்," என்றார் தோர்கிரிம்.

"இழுத்தா ரெண்டும் சேந்து அங்கால போகும்." குன்வோர் தடுப்பைக் காட்டினாள். "எனக்குப் பின்சக்கரத்துக்கு மேல பாரம் வேணும். உன்ர அப்பா கடைசியில ஐம்பது கிலோவும் இல்ல. முந்தின ஹில்மாரா இருந்திருந்தா ஏறியிருக்கும்." இருவரையும் அளந்து பார்த்தாள். "நீங்கள் ரெண்டு பேரும் நல்ல பாரம்."

யூஸ்டைன் புதைந்து நின்ற தன் காரைப் பார்த்தார். "பின்னாலயோ? அப்பாவோடயோ?"

"அவரோடதான். ஆளுக்கொரு பக்கம். எழும்பாம, அசையாம."

"இவரோட நான்—" என்று தொடங்கினார் யூஸ்டைன்.

"மணி பதினொண்டே முக்கால். சண்டையை உள்ள இருந்து பிடியுங்கோ, எனக்குக் கேக்காது."

தோர்கிரிம் சாவியை மனைவியிடம் நீட்டினார். ஓஸ்ஹில்ட் வாங்கிக்கொண்டு தங்கள் வண்டிக்கு இறங்கிப் போனாள். அவர்களில் நல்ல ஓட்டம் அவளுடையதுதான் என்று பிறகு தெரிந்தது. பின்கதவை மறைத்த பனியைத் தள்ளிவிட்டுச் சகோதரர்கள் உள்ளே ஏறினார்கள். நான் வாளியிலிருந்த சரளைக் கல்லைச் சக்கரங்களின் முன்னே தூவிக்கொண்டே நடந்தேன். குன்வோர் இரண்டாவது கியரில், எஞ்சின் முனகுகிற அளவுக்கு மட்டும் கால் கொடுத்தாள். வண்டி ஏறியது. நடக்கிற வேகத்தில், ஆனால் ஏறியது.

7

உச்சியில் அவர்களை இறக்கிவிடுவதாகத்தான் திட்டம். இறக்கத்தில் பின்பாரம் நல்லதில்லை. பின்பக்கம் ஆடத் தொடங்கினால் அந்தப் பாரமே அதை வெளியே வீசும். ஆனால் உச்சிக்கு வந்தபோது காற்று வந்துவிட்டது. நான் ஏறி என் கதவைச் சாத்தவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. பின்கதவைத் திறந்தால் அது திரும்பக் கிடைக்காது என்றாள் குன்வோர். இருவரையும் உள்ளே வைத்தபடியே மலையிறங்கினோம்.

மூன்றாவது வளைவில் பின்பக்கம் போயிற்று. காலை எடுத்ததும் எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுத்தது, அவை வழுக்கின, நீள வண்டி பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. முன்கண்ணாடியில் ரோடு இல்லை; பள்ளத்தாக்கும் அடியில் கறுப்புக் கடலும் தெரிந்தன. குன்வோர் பிரேக்கைத் தொடவில்லை. கிளட்சை மிதித்துச் சக்கரங்களைச் சும்மா உருளவிட்டாள். போகவேண்டிய ரோட்டையே பார்த்தபடி, பின்பக்கம் போன திசைக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினாள். பின்பக்கம் திரும்பி வந்து, மறுபக்கம் ஆடி, மறுபடி வந்தது. மூன்று ஆட்டம். நாலாவது இல்லை.

"மூச்சை விடு," என்றாள் என்னிடம்.

எங்களுக்கும் பின்பகுதிக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதில் சாம்பல் திரை. திரை விலகியிருந்த இடத்தில் பெட்டியின் மேல் இரண்டு கைகள் தெரிந்தன. ஒருவருடையவையா, ஆளுக்கொன்றா, தெரியவில்லை. ஐஸைப் பிடிக்க ஆணி பதித்த டயர்களின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

8

ஒன்றேமுக்காலுக்கு லாங்விக் தேவாலயத்தின் முன் பின்கதவைத் திறந்தேன். தோர்கிரிமின் கீழுதடு பிளந்திருந்தது. யூஸ்டைனின் கம்பளித் தொப்பியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தொப்பி நனைந்திருந்தது.

"அந்த வளைவிலயோ?" என்று கேட்டாள் குன்வோர்.

"ஓம்," என்றார் தோர்கிரிம்.

"இல்ல," என்றார் யூஸ்டைன், அதே நேரத்தில்.

பெட்டியின் தலைப்பக்கத்தை இருவரும் பிடித்தார்கள். அடக்கம் நேரத்துக்கு நடந்தது. இரண்டு நாள் கழித்து ரோடு திறந்தபோது, யூஸ்டைனின் காரைச் சுவரிலிருந்து இழுத்தெடுத்தது தோர்கிரிமின் வண்டிதான். இருவரும் கதைத்தார்களா என்று ஓஸ்ஹில்டிடம் கேட்டேன். "கயிறைப் பற்றிக் கதைச்சவை," என்றாள்.

நான் எழுதிய ஒரு முடிவில், வளைவில் பெட்டி இடித்து உதடு பிளந்தது. தம்பி தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். இன்னொன்றில், நான்கு வருடமாகச் சேர்த்து வைத்த ஒரு குத்தைத் தம்பி தகப்பனுக்கு மேலாக எட்டிக் குத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டையும் முழுதாக எழுதினேன். இரண்டும் நம்பும்படியாக இருந்தன. அதனாலேயே இரண்டையும் கிழித்தேன்.

உச்சியிலிருந்து அடிவாரம் வரை பதினெட்டு நிமிடம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவன். எனக்கு அதைச் சொல்ல உரிமையில்லை. கூடப்பிறந்தவரோடு பேசாமல் இருந்த பழக்கம் உங்களுக்கு உண்டென்றால், என்னைவிட உங்களுக்கு அந்த இடம் தெரியும். பெட்டிக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குனிந்து ஏறுங்கள், கூரை தாழ்வு. வெளியிலிருந்து கதவை நான் சாத்துகிறேன்.