சபினா சாப்பிடக் கூப்பிட்டது

பூமாவில்கா மலையடியிலிருந்து கூப்பிடும் குரல் மேலே உடனே கேட்கும்; ஆனால் அது சரிவில் படிப்படியாகக் கட்டிய வயல்களின் நடு அடுக்குச் சுவரில் பட்டுத் திரும்பிவரப் பதினொரு வருடம் ஆகும். மேல் சுவர் இன்னும் மந்தம். அதன் கற்கள் அவ்வளவு நெருக்கம். அங்கே அதைக் கட்டிய இன்கா ராஜாக்கள் காலத்துச் சத்தமே இன்னும் வந்து தீரவில்லை. ராஜா ஆணையிடுவது கேட்கும் என்று வழிகாட்டிகள் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நம்ப வேண்டாம். கல் இழுத்தவர்கள் முழங்கால் வலிக்கிறது என்று முனகுவதைத் தவிர எங்களில் யாரும் எதையும் கேட்டதில்லை.

டொரிபியோ நடு அடுக்கில் புல் பிடுங்குபவன். மதியமானால் அவன் பெண்டாட்டி சபினா கீழே வீட்டு வாசலிலிருந்து கூப்பிடுவாள். ஒருநாள் சுமை தூக்கும் லாமா ஆட்டை அவன் விற்றதற்காகச் சண்டை. அவள் கூப்பிட்டது காதில் விழுந்தும் அவன் பதில் சொல்லவில்லை, கோகா இலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். மாலையில் இறங்கி வந்தபோது அவள் அடுப்பருகே சாய்ந்து கிடந்தாள். உயிர் இல்லை.

புதைத்த மறுநாளும் மதியம் அவள் குரல் வந்தது, பதினொரு வருடத்துக்கு முந்தையது. அப்படியே தினமும் வந்தது. அவன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் எழுந்து நிற்பான். கடைசியில் ஒரே ஒரு குரல்தான் பாக்கி, அவன் பதில் சொல்லாத அந்தக் குரல்.

அன்றைக்கென்று பார்த்து, புதிதாக வந்த அதிகாரி நடு அடுக்கை அளக்கக் கயிறு கட்டினார்.

"இன்னிக்கு யாரும் ஏறக்கூடாது."

"என் பொண்டாட்டி கூப்பிடுவா சார்."

"அவ செத்துட்டான்னாங்களே?"

"செத்தவதான். பதினோரு வருஷமா கூப்பிடுறா. நீங்க ஊருக்குப் புதுசு."

டொரிபியோ கயிற்றைத் தாண்டி ஏறினான். பின்னாலேயே நாங்களும் போனோம்.

மதியம் குரல் வந்தது. "யோவ், சூப்பு ஆறுது. வர்றியா, நாய்க்கு ஊத்தட்டுமா?"

"வர்றேன் புள்ள," என்றான்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு அதே குரல், "மெதுவா வா. படியெல்லாம் ஈரமா இருக்கு."

பதினொரு வருடத்துக்கு முன் அந்த மதியம் நாங்கள் அவள் வீட்டருகே கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். பதிலே வராத மலையைப் பார்த்து அவள் அப்படித்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டோம். அன்று மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது, படிகள் காய்ந்து கிடந்தன.

இன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. டொரிபியோ சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கிப் போனான்.