மாடிப்படி விளக்கின் மூன்று கம்பிகள்

1

அக்கா முதலில் பேசட்டும், அதுவரை நான் இந்தப் படியில் இறங்கப்போவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

[அவள் என்பது நான்தான். அப்படி எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது.]

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. அக்கா கீழ்வீட்டில், நான் மேல்வீட்டில். போன மாதம் அவளைப் பற்றி நான் எழுதிய கதை அச்சில் வந்தது. படித்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இருபது நாள்.

2

படிக்கட்டு விளக்குக்கு இரண்டு சுவிட்ச்: படியின் கீழே ஒன்று, மேலே ஒன்று. எங்கே தட்டினாலும் எரியும், அணையும். மேலே இருந்தது உடைந்தது. மெயினை அணைத்துவிட்டு நானே மாற்றினேன். மூன்று கம்பிகளும் ஒரே சிவப்பு. குழம்பாமலிருக்க, எது மேலே, எது இடது, எது வலது என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டிக்கொண்டேன். முனைகளுக்குப் பக்கத்தில் COM, L1, L2 என்று பொடியாகப் பொறித்திருந்ததை நான் படிக்கவில்லை. பழையதில் COM, அதாவது பொதுக்கம்பிக்கான முனை, மேலே இருந்தது; புதியதில் அது இடப்பக்கம், மேலே இருப்பது L1.

எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவள் மூன்று எழுத்தைக்கூட

[போகட்டும்.]

3

சாயங்காலம் கீழே சுவிட்ச் டக்டக்கென்றது. விளக்கு எரியவில்லை.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

இருபது நாளுக்குப் பிறகு முதல் வாக்கியம். இதைவிட நல்லதாக ஒன்றை யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"நீ தட்டிப் பாருக்கா."

"தட்டித் தட்டி விரல் தேஞ்சுபோச்சு. நீ தட்டு."

தட்டினேன். எரிந்தது. இரண்டு சுவிட்சும் கீழ்நோக்கி இருந்தால் மட்டுமே இனி எரியும். ஒருத்தி மாற்றினாலும் அணைந்துவிடும். ஐந்து நாளாகப் படியில் எங்கள் குரல்தான். "தட்டுடி." "தட்டிட்டேன்க்கா." "சாப்பிட்டியா?"

4

முடிவு ஒன்று: கம்பிகளைச் சரியாக மாட்டுகிறேன். அவரவர் விளக்கை அவரவரே போட்டுக்கொள்கிறோம். படி அமைதியாகிறது.

முடிவு இரண்டு: அக்காவின் கையைப் பிடித்து, அந்தக் கதையை நான் எழுதியிருக்கக்

[இதை எழுத வரவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.]

நடந்தது இவ்வளவுதான். இன்று அக்கா மேலே வந்தாள். படியில் கிடந்த புதுச் சுவிட்சின் அட்டைப்பெட்டியிலிருந்த விளக்கத்தாளை வரி விடாமல் படித்திருந்தாள். என் கதையையும் அப்படித்தான் படித்திருப்பாள்.

"COM-ல போக வேண்டியத L1-ல சொருகியிருக்க. கதையிலயும் இப்படித்தான். நான் சொன்னத அம்மா வாயில சொருகிட்ட."

"ஆமாக்கா."

"ரெண்டு நிமிஷ வேலை. மாத்திடு" என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.

வாங்கி, மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

"இன்னைக்கு வேண்டாம்க்கா."