மெஷின் காட்டிய மூச்சு

ஆறு மணி நேரம், பதினெட்டு நிமிடம். கட்டிலை ஒட்டி ஸ்டூலில் இருந்த மெஷின் அப்படித்தான் காட்டியது. மூக்காண்டி குனிந்து ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்.

"ஏட்டி செல்வி, பாத்தியா? ஆறே கால் மணி நேரம் போட்டிருக்கேன். இன்னைக்கு அந்த டாக்டரம்மா என்ன சொல்லுதாகன்னு பாப்போம்."

அவர் மனைவி இசக்கிசெல்வி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் மூக்கின் இருபுறமும் மாஸ்க் பதிந்த சிவப்பு இன்னும் அடங்கவில்லை.

மூக்காண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மூன்று மாதத்துக்கு முன்னால், கரிவலம்வந்தநல்லூரில் பிள்ளைகளை ஏற்ற நிறுத்திய இடத்தில் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒரு சின்னப் பெண் கன்னத்தில் தட்டி எழுப்பினாளாம். அன்றே பள்ளிக்கூடத்தில் வேன் சாவியை வாங்கிவிட்டார்கள். திருநெல்வேலியில் ஒரு ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்ததில், தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது என்றார்கள். மாஸ்க் வழியே மூக்குக்குள் காற்றடிக்கும் மெஷினைக் கொடுத்தார்கள். தினமும் ஒழுங்காகப் போட்டதாக அது காட்டினால்தான், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தருவார். எழுதித் தந்தால்தான் சாவி.

அவரால் முடியவில்லை. "சவத்து மெஷினு, கிணத்துக்குள்ள தலைய முக்கிப் பிடிச்ச மாதிரி இருக்குட்டி" என்றார். தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்தார். எறிந்தது அவருக்கே தெரியாது. திரும்ப மாட்டினால் அவள் கையைத் தட்டிவிட்டார். ஒருக்களித்துப் படுத்தால் நல்லது என்று கேள்விப்பட்டு, அவருடைய பனியன் முதுகில் ரப்பர் பந்தை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பந்தின் மேலேயே மல்லாந்து தூங்கினார்.

"பல்லுல மாட்டுத மாதிரி ஒண்ணு இருக்காம். தாடைய முன்னால இழுத்து வைக்குமாம். அதக் கேட்டுப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் ஒரு ராத்திரி, பிடுங்கிப் போட்ட மாஸ்க் தலையணையில் சீறிக்கொண்டு கிடந்தது. அப்படி என்னதான் கஷ்டம் என்று பார்க்க அவள் எடுத்து மாட்டிக்கொண்டாள். அசதி. அப்படியே தூங்கிப்போனாள். கண்விழித்ததும் கழற்றி வைத்ததோடு சரி; மெஷினைப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் எழுந்து அதில் மணிக்கணக்கைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். வாரக்கணக்காக வீட்டில் முடங்கிக் கிடந்த மனிதர். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"விடியக்காலைல நாந்தான் கழட்டி வச்சேன்" என்றாள்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான்; அவர் பிடுங்கி எறிந்ததும் அவள் எடுத்து மாட்டிக்கொள்வாள். ஆனால் பிறகு ஒருநாளும் அவள் தூங்கவில்லை. அவருக்கென்று வந்த காற்று அவள் மூக்குக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் குறட்டை சட்டென்று அறுந்துபோகும். அவள் காத்திருப்பாள். வராவிட்டால் காலால் உதைப்பாள். ஒரு உறுமலோடு மூச்சு திரும்பி வரும்.

அன்று டாக்டரம்மாவைப் பார்க்கப் போக, திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அவர் தூங்கிவிட்டார். பனவடலிசத்திரம் தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"யக்கா, அண்ணாச்சிய கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. டிரைவருக்கு இஞ்சின் சத்தமே கேக்க மாட்டேங்குதாம்."

பஸ்ஸே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் குறட்டை நின்றது. அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொரு தடவை உலுக்கினாள். கண்டக்டர் டிக்கெட் கட்டை அக்குளில் செருகிவிட்டுக் குனிந்தார். அதற்குள் மூக்காண்டி கண்ணைத் திறந்து வாயோரம் துடைத்துக்கொண்டார்.

"மெஷின் போட்டும் ஏன் இப்படிச் சொக்குதுன்னு தெரியலையே" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா மெஷினிலிருந்து எடுத்த கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "ரொம்ப நல்லா போட்டிருக்கீங்களே! மூச்சு நிக்கிறதே இல்ல இப்ப."

"பகல்ல இன்னும் கண்ணு சொக்குது டாக்டரம்மா. அந்தப் பல்லுல மாட்டுததுன்னு ஒண்ணு..."

"அது உங்களுக்குத் தேவையே இல்ல. மெஷின் இவ்வளவு நல்லா வேலை செய்யுது. சொக்கலுக்கு வேற காரணம் இருக்கான்னு ரத்தம் பாத்துருவோம்."

மூக்காண்டி தலையைக் குனிந்துகொண்டார். "மெஷின் பொய் சொல்லுமா? எனக்குத்தான் வீட்ல இருந்து இருந்து சோம்பேறித்தனம் வந்துட்டு போல." பிறகு தயங்கிக் கேட்டார். "திங்கக்கிழமைலேருந்து வண்டி எடுக்கலாம்லா?"

"எடுக்கலாம். எழுதித் தர்றேன்."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். வேனில் அவர் கன்னத்தில் தட்டி எழுப்பிய அந்தச் சின்னப் பெண்ணை இசக்கிசெல்வி பார்த்ததுகூட இல்லை.

"எழுதாதீங்கம்மா."

"என்னட்டி?" என்று அவர் திரும்பினார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் அவளே தேய்த்துக் கொடுத்த சட்டையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது அவுக மூச்சு இல்லம்மா. ராத்திரி பூரா நாந்தான் மாட்டியிருந்தேன்."