அறுநூறு வோல்ட்

அருள்நாயகத்துக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. தெரியாததையும் செய்து முடித்துவிட்டுத்தான் விசாரிப்பார். கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்த மா அரைக்கும் மெசினுக்கு அவரே ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கி, அவரே வயரும் கொழுவி முடித்திருந்தார்.

ரொறன்ரோவில் மல்வேர்னுக்குக் கிட்ட இருந்த அவருடைய மா ஃபக்டரியில் ரதிக்கு பைக்கட் ஒட்டுகிற வேலை. இலங்கையில் யுத்தம் முடிந்து மூன்று கிழமை. ஒட்டுகிற மேசையில் ஒருவரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. கதைத்தால் அழவேண்டி வரும். அன்றைக்கு எல்லோரும் மெசினைப் பார்க்க எழும்பி வந்தார்கள். ரதி ட்ரான்ஸ்போமரில் இருந்த தகட்டைப் பார்த்தாள். இருநூற்றி எட்டு வோல்ட்டை மெசினுக்கு வேண்டிய நானூற்றிப் பதினைந்தாக ஏற்றுகிற சாமான். அவள் உள்ளே வருகிற தடித்த லைனை நிமிர்ந்து பார்த்தாள்.

ரொறன்ரோத் தமிழ்க் குசினிகளில் ஊர்க் கிரைண்டருக்குப் பக்கத்தில் வோல்ட்டை ஏற்றுகிற பெட்டி ஒன்று இருக்கும். கனடாக் கரண்ட் குறைவு, எங்கள் சாமானுக்கு ஏற்றவேண்டும் என்பது சனத்துக்கு வேதவாக்கு. மனுஷன் குசினிக் கணக்கை ஃபக்டரிக்குள் கொண்டுவந்துவிட்டார்.

வாயைத் திறந்தால் அவளுடைய வேலை போகும். திறக்காவிட்டால் மெசின் போகும், கிட்ட நிற்பவர்களும் போகலாம். காங்கேசன்துறை சீமெந்து ஆலையின் மின்பகுதியில் பயிற்சி எடுத்தவள் அவள். சண்டை வந்து ஆலை மூடியதோடு அந்த வேலையும் போயிற்று. பத்தொன்பது வருஷமாக அவளிடம் ஒரு வயரைப் பற்றிக்கூட ஒருவரும் கேட்டதில்லை.

அருள்நாயகம் சுவிச்சில் கை வைத்தார்.

“அண்ணை, போடாதேங்கோ! வெடிக்கும்!”

“நீர் போய் பைக்கட்டை ஒட்டும், ரதி.”

“ஒட்டுறன். முதல்ல மீட்டரை வச்சுப் பாப்பம். நான் சொல்லுறது பிழையெண்டால் இப்பவே வீட்டை போறன்.”

அவருடைய பெட்டியிலிருந்தே மீட்டரை எடுத்து, ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, உள்ளே வருகிற லைனில் வைத்தாள். கை வேலையை மறக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம். மீட்டர் அறுநூற்றிப் பத்தைக் காட்டியது.

அருள்நாயகத்தின் முகம் பேயறைந்ததுபோல ஆயிற்று. “சுவர் பிளக்கில நான் பாத்தனான். குறையத்தானே காட்டினது?”

“அது லைற்றுக்கும் பிளக்குக்கும் மூலையில நிக்கிற ட்ரான்ஸ்போமர் இறக்கித் தாறது. தூரத்திலையிருந்து வோல்ட்டைக் கூட்டி, கரண்டைக் குறைச்சுத்தான் கொண்டு வருவினம். இல்லாட்டி வயர் சூடாகி வழியிலயே வீணாப்போகும். பெரிய மோட்டருகள் ஓடுற இடமெண்டபடியால் ஃபக்டரிக்கு அறுநூறு. அதிலையிருந்து ஒவ்வொரு மெசினுக்கும் ஏத்தமாதிரி இறக்கோணும். நீங்கள் அதை இரண்டு மடங்கா ஏத்தப் பாத்தியள்.”

அவர் சுவிச்சிலிருந்து கையை எடுத்தார். அதைவிடப் பெரிய மன்னிப்பு அவரிடமிருந்து எவருக்கும் கிடைத்ததில்லை.

அடுத்த கிழமை, ரதி எழுதிக்கொடுத்த அளவுப்படி, இறக்குகிற ட்ரான்ஸ்போமர் வந்தது. லைசென்ஸ் உள்ள எலக்ரீசியன் தியாகலிங்கம் வந்து பூட்டினார். பூட்டி முடித்து, அந்த அளவுத் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

“அச்சொட்டாயிருக்கு. ஆர் இந்த அளவு எடுத்தது?”

வழக்கமாக எல்லாவற்றையும் தான் செய்ததாகச் சொல்கிற அருள்நாயகம் ரதியைப் பார்த்தார். “எங்கட எலக்ரீசியன்.”

ரதி கையிலிருந்த பைக்கட்டைக் கீழே வைத்தாள்.

“அப்ப பிள்ளையே போடட்டும்” என்று தியாகலிங்கம் விலகினார். “திங்கட்கிழமை என்னட்டை வாரும். அப்ரன்டிஸா எழுதுறன். லைசென்ஸ் எடுக்கலாம்.”

அவள் பொத்தானை அமத்தினாள். மெசின் உறுமி ஓடியது. நான்கு கிழமையாக ஊமையாய் இருந்த பெண்கள் கூக்காட்டிக் கைதட்டினார்கள், அழுதுகொண்டே.

“தள்ளி நில்லுங்கோ!” என்று அதட்டினாள் ரதி.

முதலில் தள்ளி நின்றவர் முதலாளிதான்.